குட்டையில் தேக்கியது லாரியில் போனது

என் கணவர் சாயப்பட்டறையில் மாஸ்டர். நான் மழைத் தண்ணீரைத் தேக்கி வையுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். எண்பதுகளின் நடுவில் எங்கள் வீடு அவிநாசிபாளையத்தில் இருந்தது. காலையில் அவர் திருப்பூர் போகும் பஸ்ஸில் ஏறுவார். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று தாராபுரம் பஸ்ஸைப் பிடித்து, குண்டடம் பக்கம் போகும் ஒரு பிரிவில் இறங்கிக்கொள்வேன். அங்கே டீக்கடை ஓரமாக என் சைக்கிள் நிற்கும். அதை எடுத்துக்கொண்டு நான் வேலை பார்த்த நடுநிலைப்பள்ளிக்குப் போவேன்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டுக்காரரு அங்க கலக்கி உடற தண்ணியை நீங்க இங்க தெளிய வெக்கறீங்களாக்கும்?" என்பார் டீக்கடைக்காரர். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

இந்த வேலையில் நான் இறங்கியது பெரிய லட்சியம் எதனாலும் இல்லை. ஒருநாள் ஏழாம் வகுப்பில் நீர்ச் சுழற்சி நடத்திக்கொண்டிருந்தேன். கடலிலிருந்து மேகத்துக்கு ஓர் அம்புக்குறி, மேகத்திலிருந்து மலைக்கு ஓர் அம்புக்குறி என்று கரும்பலகையில் போட்டு, மண்ணுக்குள் இறங்கும் தண்ணீருக்கு நீலச் சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தபோது, சத்துணவு ஆயா காலிப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பம்புல காத்துதானுங்க வருது. அரிசி களையத் தண்ணியில்லை."

அன்றைக்குப் பிள்ளைகள் சாப்பிடும்போது மணி மூன்று. பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து பொங்கினோம். நான் வகுப்புக்குத் திரும்பியபோது பலகையில் அம்புக்குறிகள் அப்படியே இருந்தன. எனக்கு அவமானமாக இருந்தது. அதை அழித்துவிட்டுப் பின்பக்கச் சன்னல் வழியே பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஊர்க் குட்டை. குட்டை என்றுதான் பெயர். உள்ளே ஆளுயரத்துக்குச் சீமைக் கருவேல முள். ஆடு மேய்ப்பவர்கள்கூட உள்ளே போவதில்லை. நான் அந்தப் பள்ளிக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதில் தண்ணீர் நின்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஏன் நிற்பதில்லை என்று கேட்கவேண்டும் என்றும் தோன்றியதில்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் போகிற வழியிலேயே நானும் போனேன். பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்திருக்கும். புடவை முழங்கால் வரை சேறு. மேற்கே கரட்டுக் குன்றிலிருந்து இறங்கிய தண்ணீர் குட்டையைப் பார்த்துத்தான் வந்தது. வந்தது, ஆனால் தார் ரோட்டில் முட்டி நின்றது. ரோட்டை மேடாக்கிப் போட்டவர்கள் குறுக்கே ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. தண்ணீர் ரோட்டோரமாகவே ஓடி, ஊருக்குத் தெற்கே பள்ளத்தில் விழுந்து, எங்களுக்கு ஒரு சொட்டும் வைக்காமல் போய்விட்டது. அப்படியே ரோட்டைத் தாண்டி வந்திருந்தாலும் குட்டைக்குள் போயிருக்காது. ரோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு கத்திரித் தோட்டம் வழியை மறித்துக்கொண்டிருந்தது.

கிராம அலுவலகத்தில் கெஞ்சிக் கேட்டு ஊர் வரைபடத்தைப் பார்த்தேன். அதில் கரட்டடியிலிருந்து குட்டை வரைக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் தெளிவாக இருந்தது. ஊரில் அதற்கு வாரி என்று பெயர். மழைத் தண்ணீரைக் குட்டைக்கு வாரிக்கொண்டு வருவது. அந்தக் காலத்தில் வருஷா வருஷம் ஆடிக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அதைத் தூர்வாரியிருக்கிறார்கள். கிணற்றுக்கு மோட்டார் வந்த பிறகு நின்றுபோயிற்று. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. ஒரு வருஷம் விட்டார்கள், அடுத்த வருஷமும் விட்டார்கள்.

வரைபடத்தை ஒரு வெள்ளைத் தாளில் வரைந்துகொண்டு அலுவலகங்களுக்கு அலைய ஆரம்பித்தேன். குட்டை ஓர் அலுவலகத்தினுடையது, வாரி இன்னோர் அலுவலகத்தினுடையது, ரோடு மூன்றாவது ஒன்றினுடையது என்பது அலைந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். மனு எழுதி எழுதி என் கையெழுத்தே மாறிவிட்டது. தற்செயல் விடுப்பு எல்லாம் அதிலேயே போயிற்று. கடைசியாகப் பார்த்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொல்லிக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். ஊருக்குப் போர் போட்டுத் தரச் சொல்லி எழுதிக் குடுங்க, நானே செஞ்சு தர்றேன். குட்டை, வாரின்னு எழுதுனா அதுக்கு எங்ககிட்டக் கட்டமே இல்லீங்க."

படிவத்தில் கட்டம் இல்லை என்று அவர் சொன்னது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஊருக்குள்ளும் நிலைமை வேறு விதமாக இல்லை. மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டால் வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இளவட்டங்கள் எல்லாம் பனியன் கம்பெனி வேனில் காலையில் போனால் ராத்திரிதான் வருவார்கள். சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துத் தின்றுவிட்டுத் தூங்குகிற ஆளை எழுப்பி மண்வெட்டியைக் கொடுத்தால் யார் வருவார்கள்? நான் ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் நேராகச் சைக்கிளில் வந்துவிடுவதால், டீச்சருக்கு மிஷன் பணம் வருகிறது என்று ஒரு பேச்சு வேறு. எங்கள் குடும்பம் பாட்டன் காலத்திலிருந்தே அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். யாருக்கும் தெரியாததில்லை. ஆனாலும் பேசினார்கள்.

கத்திரித் தோட்டத்துக்கார அக்காவிடம் போய்ப் பேசினேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. இரண்டு மாடு, ஒரு சின்னக் கிணறு, முக்கால் ஏக்கர் கத்திரி. அதைக்கொண்டு இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்திருந்தார். நான் போனபோது வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாரி இங்க ஓடுச்சுன்னு ஆரு சொன்னாங்க?"

"மேப்புல இருக்குதுங்க்கா."

"மேப்புல என்ற ஊட்டுக்காரரு இருக்கறாரா?"

கேட்டுவிட்டு அடுத்த முள்ளை இழுத்துக் கட்டினார்.

"அவரு இருந்தப்ப வந்து இதைக் கேட்டிருந்தீங்கன்னா அருவாளோட வந்திருப்பாரு. நானாக்கொண்டு நின்னு பேசறனுங்க. போயிட்டு வாங்க டீச்சர்."

இரண்டு வாரம் கழித்து அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டு, பிள்ளைகள் கேட்கிற மாதிரியே சத்தமாகத் தன் நிபந்தனைகளைச் சொன்னார். குட்டையில் வெட்டுகிற வண்டல் மண் முதலில் தன் தோட்டத்துக்கு வரவேண்டும். வாரியைத் தாண்ட மாட்டுக்குக் கல்பாலம் போட்டுத் தரவேண்டும்.

"அப்புறம் இன்னொண்ணுங்க. தண்ணி வந்துச்சுன்னா என்ற கெணத்துலயும் ஊறோணும்."

"ஊறுமுங்க்கா. கண்டிப்பா ஊறும்," என்றேன். பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னேன். எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

இரண்டு கோடை வெட்டினோம். வெட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். கம்பெனிக்குப் போகிற வயதைத் தாண்டியவர்கள், பால்மாட்டை விட்டுவிட்டுப் போக முடியாதவர்கள், சத்துணவு ஆயா, கத்திரித் தோட்டத்து அக்கா, நான். ஆண்களில் கடைசிவரை நின்றவர் ஒருவர்தான். குட்டைக் கரைக்கு நேர்கீழே பெரிய கிணறு வைத்திருந்த விவசாயி. முள் வேரைப் பிடுங்கத் தன் டிராக்டரைக் கொடுத்தார். இடுப்பு வலியோடு தானும் வந்து நின்றார். "டீச்சரு ஒத்தையா நின்னு கத்திக்கிட்டு இருக்கறாங்கொ, பாக்கச் சகிக்கலைங்க" என்று அவர் தன் மனைவியிடம் சொன்னதாக அந்த அம்மாள் சொல்லித் தெரிந்தது. என்னைப் பற்றி யாரோ ஒருவர் பரிதாபப்பட்டாவது வேலை நடக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ரோட்டு விஷயம்தான் நகரவில்லை. அதிர்ஷ்டம், அந்த ரோட்டை மறுபடி போட வந்தார்கள். வேலை நடத்திய காண்டிராக்டரிடம் போய், குறுக்கே இரண்டு குழாய் பதித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். எஸ்டிமேட்டில் இல்லை என்றார். மூன்று நாள் தொடர்ந்து போனேன். மூன்றாம் நாள், "குழாயைக் கொண்டாந்து போடுங்கம்மா, பதிச்சுத் தொலைக்கறேன்" என்றார் எரிச்சலாக.

குழாய்க்கு எங்கே போவது? அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் புலம்பினேன். மறுநாள் மத்தியானம் ஒரு டெம்போவில் நான்கு சிமெண்டுக் குழாய்கள் வந்து இறங்கின. அவருடைய பட்டறையில் பழைய சாக்கடையைத் தோண்டி எடுத்துப் போட்டிருந்த குழாய்கள். முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தார். உள்பக்கம் பச்சையும் ஊதாவுமாகக் கறை ஏறியிருந்தது. ஆயாவும் நானும் உமியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை. அப்படியே பதித்தார்கள்.

அந்த வருஷ மழைக்கு வாரியில் தண்ணீர் வந்தது. செம்மண் கரைசலாக, மேலே குப்பையும் பனியன் வேஸ்ட்டுத் துணியும் மிதந்துகொண்டு. கத்திரித் தோட்டம் வழியாக வளைந்து குட்டைக்குள் இறங்கியதைக் கரைமேல் நின்று பார்த்தோம். அக்காவின் மாடுகள் இரண்டும் நாங்கள் போட்ட கல்பாலத்தின்மேல் கால் வைக்க மறுத்து, வாரிக்குள் இறங்கி ஏறிப் போயின. "இதுக்கா நானு அத்தனை சண்டை போட்டேன்!" என்று அக்கா மாட்டை அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு சிரித்தார். மூன்றாம் நாள் குட்டை நிரம்பிக் கலிங்கு வழியாக உபரி வழிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஊரே வந்து ஓரிடத்தில் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொங்கல் வாக்கில் பள்ளிக்கூடத்துப் பம்பில் கைப்பிடியை நாலு தடவை அடித்ததுமே தண்ணீர் வந்தது. பக்கத்துக் கிணறுகளில் படிக்கட்டுகளைச் சுண்ணாம்பால் குறித்து வைத்து, வாரா வாரம் எந்தப் படி மூழ்கியிருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். அக்காவின் கிணற்றில் ஏழு படி மூழ்கியிருந்தது. பெரிய கிணற்றுக்காரர் ஒரு வாழைத்தாரைச் சைக்கிள் கேரியரில் கட்டி அனுப்பினார். அந்த நான்கைந்து மாதத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அதற்குமேல் அது நீடிக்கவில்லை.

பங்குனியில் ஒரு சாயங்காலம் கணவர் உற்சாகமாக வந்தார். அப்படி அவர் வருவது அபூர்வம். கைகளை எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அன்றைய நிறம் இருக்கும். அன்றைக்கு இளநீலம். தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி, இன்னிக்கு ஒரு லாரித் தண்ணி வந்துச்சு பாரு. அப்படியே மழைத்தண்ணியாட்ட. இளநீலம் ஒரே தடவையில உக்காந்துருச்சு. எங்க போர்த் தண்ணி உப்புல நாலு தடவை திருப்பிப் போட்டாலும் திட்டுத் திட்டாத்தான் நிக்கும். மொதலாளி இனிமேலுக்கு இந்தத் தண்ணியவே எறக்கச் சொல்லிட்டாரு."

"எங்கிருந்து வந்துச்சுங்க?"

"டிரைவரைக் கேட்டேன். குண்டடம் போற பக்கத்துல ஏதோ குட்டையாம். அதுக்குக் கீழ ஒரு பெரிய கெணறாம்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. கையில் எடுத்த சோற்றை வாயில் போடாமல் என்னைப் பார்த்தார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய கிணற்றுக்காரர் தோட்டத்துக்குப் போனேன். ஒரு லாரி நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். கட்டிலில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"என்னங்ணா இது?"

"தண்ணிதானுங்க டீச்சர்."

"இதுக்காங்ணா நாம ரெண்டு வருஷம் மண்ணு சொமந்தோம்?"

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. மஞ்சளு போட்டேன், வெலை போகலை. பருத்தி போட்டேன், புழுவு தின்னுருச்சு. களையெடுக்க ஆளு கூப்புட்டா ஆரும் வர்றதில்லை, அத்தனை பேரும் கம்பெனி வேன்ல போறாங்கொ. என்ற பையனே போறான். நானு என்னத்தைப் பண்ணட்டும் சொல்லுங்க. குட்டையில நீங்க தேக்குனீங்க, சரி. ஊறுனது என்ற கெணத்துலதானுங்க?"

"குட்டை ஊருதுங்ணா."

"குட்டை ஊருது. கெணறு என்றது. மழை ஆருது டீச்சர்?"

அவர் திமிராகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்னிடம் விடை இருக்கும் என்று நினைத்துக் கேட்ட மாதிரிதான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். இடுப்பு வலியோடு முள் பிடுங்கிய மனிதரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது?

பிறகு நடந்ததெல்லாம் ரொம்ப வேகமாக நடந்தது. ஒருவர் விற்றதைப் பார்த்து இன்னொருவர். கிணறு இல்லாதவர்கள் குட்டைக் கரையை ஒட்டியே போர் போட ரிக் வண்டியைக் கூட்டிவந்தார்கள். நான் பாடம் நடத்தும்போது அந்தச் சத்தத்தில் பிள்ளைகளுக்கு என் குரல் கேட்காது. மாரியம்மன் கோயில் முன்னால் மறுபடி கூட்டம் போட்டோம். இந்தமுறை கூட்டம் நன்றாகவே வந்தது. வெளியூருக்குத் தண்ணீர் விற்பதில்லை என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய கிணற்றுக்காரரும் போட்டார். ஒரு வாரம் லாரி வரவில்லை. எட்டாம் நாள் வந்தது. கேட்டதற்கு, "அவரு நிறுத்தினா நானும் நிறுத்தறேன்" என்று ஒவ்வொருவரும் அடுத்த தோட்டத்தைக் காட்டினார்கள். அலுவலகங்களில் கேட்டுப் பழகிய பதில்தான்.

ஒருநாள் ஆத்திரத்தில் லாரிக்கு முன்னால் சைக்கிளைக் குறுக்கே போட்டு நின்றுவிட்டேன். டிரைவர் தெற்கத்திக்காரர். சிவகங்கைப் பக்கம் என்று பின்னால் சொன்னார். ஹாரன் அடிக்காமல் இறங்கி வந்தார்.

"டீச்சர், வெயில்ல நிக்காதீக. ஓரமா வாங்க."

"லாரியைத் திருப்புனாத்தான் வருவேன்."

"இன்னைக்குத் திருப்பிர்றேன். நாளைக்கு வேற வண்டி வரும். எங்க ஊர்க் கம்மாய் வத்திப்போயித்தான் பொண்டாட்டி பிள்ளையோட நான் இங்கிட்டு வந்து கெடக்கேன். தண்ணியில்லாத ஊரு எப்பிடி இருக்கும்னு நீங்க எனக்குச் சொல்லணுமா? எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டுறேன்."

சொன்னபடி அன்றைக்குத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து லாரிகள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வராமல், சுற்றி மேற்குத் தடத்தில் போக ஆரம்பித்தன.

கணவரிடம் ஒரே ஒருமுறை நேரடியாகக் கேட்டேன். "அந்தத் தண்ணி வேண்டாம்னு நீங்க சொல்லக்கூடாதுங்களா?"

"சொன்னா? நாளைக்கு வேற மாஸ்டர் வந்து வாங்கிக்குவாரு. நான் ஊட்டுல உக்காந்துக்கலாம்."

"அதுக்காக..."

"நீ அங்க தேக்கறது எனக்குச் சந்தோசம்தான், அம்மிணி. அந்தக் கொழாயை நாந்தான கேட்டு வாங்கியாந்தேன்? ஆனா இங்க ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு தண்ணி போகுதுன்னு பாத்தீன்னா நீ குட்டை வெட்டறதையே உட்டுருவே."

அவரைக் குறை சொல்லி எழுதுவது எளிது. என் ஆசிரியர் சம்பளம் மட்டும் போதாத நாட்களில் அந்த வேலைதான் எங்களைக் காப்பாற்றியது. அவர் கைகளில் தோல் வெடித்துப் புண்ணாக இருக்கும். ராத்திரியில் தேங்காயெண்ணெய் தடவி விடுவேன். அவரும் ஒன்று செய்து பார்த்தார். கடைசியாக அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், தேக்கிவைத்து அடுத்த துணியை முதலில் அலசப் பயன்படுத்தலாம் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்தார். ஒரு மாதம் நடந்தது. ஒரு வெள்ளைத் துணியில் லேசாகச் சிவப்பு ஏறிவிட்டது. அன்றோடு நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் வருஷம் கோடை தொடங்கும் முன்பே பள்ளிக்கூடத்துப் பம்பு மறுபடி காற்றடித்தது. முன்பெல்லாம் சித்திரையில்தான் வற்றும். இந்தமுறை மாசியிலேயே வற்றிவிட்டது. குட்டையை வெட்டாமல் இருந்திருந்தால் லாரிக்காரர்களுக்கு இந்த ஊர் கண்ணில் பட்டிருக்குமா என்று யோசித்தேன்.

அக்காவின் கிணற்றில் நான் சுண்ணாம்பால் குறித்த படிகள் எல்லாம் காய்ந்து தெரிந்தன. ஆழமான போர்கள் சுற்றிலும் இழுக்கும்போது அந்தச் சின்னக் கிணற்றில் என்ன நிற்கும்? கத்திரி வாடியது. மாடுகளில் ஒன்றை விற்றார். ஆடி பிறந்ததும் ஒரு காலையில் நான் சைக்கிளில் வரும்போது, அவர் தோட்டத்தில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. வாரியின் மேலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெட்டிய வாரி, கரை சரிந்து தோட்டத்தோடு தோட்டமாக மட்டமாகிக்கொண்டிருந்தது. கல்பாலத்துக் கல் இரண்டையும் எடுத்து வேலியோரம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். "அக்கா, என்ன பண்றீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை.

"எனக்கு ஊறாத தண்ணிக்கு நானு ஏனுங்க எடம் உடோணும்? இந்த வழியாப் போறதெல்லாம் அவீக லாரிக்குத்தானுங்க போகுது. இந்த எடத்துல ரெண்டு பாத்தி சோளமாச்சும் வெதைக்கலாமில்ல."

"மழை வந்தா..."

"வரட்டுமுங்க."

பேச எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கண்டிப்பாக ஊறும் என்று சொன்னது நான். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நான்தான் அங்கேயே நின்றுகொண்டு, ஏர் போய்த் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கு அன்று தாமதமாகப் போனேன். அந்த வருஷம் தீபாவளி கழிந்து அவர் கம்பெனி வேனில் ஏறிவிட்டார். பனியனைத் திருப்பி மடித்துக் கொடுக்கிற வேலை. வயதானவர்களையும் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "நெழல்ல உக்காந்து வேலைங்க டீச்சர், பரவால்லைங்க" என்றார். நலம் விசாரித்துவிட்டு அவசரமாக வேனை நோக்கிப் போனார்.

தொண்ணூறுகளின் பாதியில் எனக்கு முதலிபாளையம் பக்கம் மாற்றல் வந்தது. அதற்குள் ஊர்ப்பக்கங்களில் என் பெயர் கொஞ்சம் பரவியிருந்தது. குட்டை வெட்டிய டீச்சர் என்று. வெட்டி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து ஊரிலிருந்து நான்கைந்து பேர் வீட்டுக்கே வந்து அழைத்தார்கள். தங்கள் ஊரிலும் ஒரு பழைய குளம் இருக்கிறது, தூர்வார வழி சொல்ல வேண்டும் என்றார்கள். கணவர் தன் மொபெட்டில் என்னைக் கூட்டிப்போனார்.

போனேன். குளத்தைப் பார்த்தேன். அருமையான குளம். கல் கட்டிய மதகு, இடியாத கலிங்கு, வாரியில் பாதி தூரம் இன்னும் உயிரோடு இருந்தது. ஒரே கோடையில் செய்துவிடலாம். கைகூடச் சும்மா இருக்க மாட்டேன் என்றது. கூட்டத்தில் எழுந்து பேசும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். ஒரு கூடை மண் அள்ளுவதற்கு முன்னால், குளத்தைச் சுற்றிக் கிணறு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, தண்ணீரை லாரிக்கு விடுவதில்லை, புதிதாகப் போர் போடுவதில்லை, மீறினால் ஊர் என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். அதை முதலில் செய்தால் நான் வருகிறேன்.

கூட்டத்தில் சலசலப்பு. முன்வரிசையில் இருந்த ஒருவர் மரியாதையாக எழுந்தார்.

"டீச்சர், நீங்க குளத்தைப் பத்தி மட்டும் பேசுங்க. கெணறு அவரவர் சொந்த விசயமுங்க."

"குளத்துத் தண்ணிதானுங்க கெணத்துக்குப் போகுது."

"அதுக்குத்தானுங்க குளம் வெட்டறதே," என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவராக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். மாலை போடக் கொண்டுவந்திருந்தவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் குளம் இன்றைக்கும் தூர்வாரப்படவில்லை.

திரும்பி வரும்போது கணவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார். ரொம்ப தூரம் வந்த பிறகு கேட்டார்.

"குளத்தை மொதல்ல வெட்டிட்டு, அப்புறமேட்டு மத்ததைப் பேசியிருக்கலாமில்ல, அம்மிணி?"

"வெட்டிட்டு, உங்க பட்டறைக்கு அனுப்பறதுக்கா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. மூடி சரியாக இல்லாமல் பின்னால் சிந்திக்கொண்டே போயிற்று. அவர் வண்டியை ரோட்டோரம் ஒதுக்கி, அது போகும்வரை நிறுத்தினார். எங்கள் இரண்டு பேர் மீதும் கொஞ்சம் தெறித்தது. அவர் கைக்குட்டையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.